காந்த வைத்தியமும் என் மூக்குத்தியும்

என் கடைசி மகள் ஐந்தாம் படிவம் முடித்த கையோடு மலாக்கா டவுனுக்குப் பக்கத்தில், பத்து பெரண்டாம் என்கிற ஊரில் ஒரு பேக்டரியில் வேலைக்குச் சேர்ந்தாள். செலண்டார் தோட்டத்து லயத்தை விட்டு வந்து, அங்கேயே ஒரு தாமான் குடியிருப்பில் மலிவு விலை வீடு எடுத்திருந்தோம். என் வீட்டுக்காரர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். நான் ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டுகிற வேலையை விட்டுவிட்டேன். மூத்தவர்கள் இரண்டு பேரும் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டார்கள். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான்.

பூதக்கண்ணாடிக்குள் பார்த்துச் சின்னச் சின்ன மின்சாமான்களுக்குக் கம்பி ஒட்டுகிற வேலை அவளுக்கு. எறும்புக் கால் அளவு கம்பி என்பாள். முதல் வருசம் சம்பளத்தில் எனக்கு ஒரு சேலையும் அவள் அப்பாவுக்கு ஒரு கைக்கடிகாரமும் வாங்கிக் கொடுத்தாள். வாயாடி. பேக்டரி பஸ்ஸில் யார் என்ன சொன்னார்கள், சூப்பர்வைசர் எப்படி நடப்பான் என்று நடித்துக் காட்டுவாள். அவள் பேச ஆரம்பித்தால் என் வீட்டுக்காரர் டிவியை நிறுத்திவிடுவார்.

அந்தப் பேச்சு எப்போது குறைந்தது என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. தண்ணீர்த் தொட்டியில் ஓட்டை விழுந்தால் முதல் நாள் யாருக்குத் தெரிகிறது. சாப்பாட்டை அளைந்துவிட்டு எழுந்தாள். தலைக்குக் குளிப்பதை விட்டாள். ஒரு காலையில் பேக்டரி பஸ் சந்து முனையில் நின்று ஆரன் அடிக்கிறது, அடிக்கிறது, இவளைக் காணோம். உள்ளே போய்ப் பார்த்தால் யூனிபாம் போட்டுக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு காலில் சப்பாத்து இருக்கிறது. இன்னொரு சப்பாத்து கையில் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பஸ் போய்விட்டது. அதற்கப்புறம் அவள் அந்த பஸ்ஸில் ஏறவே இல்லை.

சோம்பல் என்று நினைத்துத் திட்டினேன். அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தைரியம் வந்திருக்கும். கோபம் வந்தால் கத்துகிற பிள்ளையை எனக்குச் சமாளிக்கத் தெரியும். சும்மா இருக்கிற பிள்ளையை என்ன செய்வது?

ஒரு நாள் என் வீட்டுக்காரர் வீட்டுக்குப் பின்னால் வைத்திருந்த புல்லுக்கு அடிக்கிற மருந்தை எடுத்துக்கொண்டு போனார். எங்கே என்று நான் கேட்கவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை. வெறுங்கையோடு திரும்பி வந்து கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார். அன்றைக்குத்தான் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே பயம் இருக்கிறதென்று தெரிந்தது.

ஊர் வாய் சும்மா இருக்குமா. பேக்டரி கட்டின இடம் பழைய சுடுகாடு, காத்து அடித்திருக்கும் என்றாள் ஒருத்தி. எவனையோ நினைத்து ஏங்குகிறாள் என்றாள் இன்னொருத்தி. செலண்டாரில் இருந்த என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் ஒரே தங்கச்சி, தோட்டத்துக் கோயில் பூசாரியிடம் மந்திரித்த தாயத்து ஒன்றைக் கொண்டுவந்து மகள் கழுத்தில் கட்டினாள். கட்டிவிட்டு என்னைத் தனியாக அழைத்து, "அண்ணி, வயசுப் புள்ளைக்கு வர்ற நோவுக்கெல்லாம் ஒரே மருந்துதான். தையில முடிச்சிரலாம்லா. எம் மவனுக்கு என்ன கொறச்சல்?" என்றாள். அவள் மகன் நல்ல பையன்தான். ஆனால் எழுந்து பல் விளக்க முடியாத பெண்ணை மணவறையில் கொண்டுபோய் உட்கார வைக்க எனக்கு மனசு ஒப்பவில்லை.

அரசாங்க ஆஸ்பத்திரியில் மனநோய் பார்க்கிற டாக்டரம்மாவிடம் காட்டினோம். இது மனச்சோர்வு என்கிற நோய், பைத்தியம் இல்லை என்று அந்த அம்மா சொன்னதை நர்ஸ் மிஸி எனக்குத் தமிழில் எடுத்துச் சொன்னாள். மாத்திரை கொடுத்தார்கள். ஒன்று மாற்றி ஒன்று கொடுத்துப் பார்த்தார்கள். வாய் உலர்ந்தது, கை நடுங்கியது, பகலெல்லாம் தூங்கினாள். எழுந்தால் அதே கட்டில், அதே ஓரம். பிறகு அந்த டாக்டரம்மா ஒன்று சொன்னார். மலாக்கா டவுனில் ஒரு நரம்பு டாக்டர் இருக்கிறார், அவரிடம் காந்தத்தால் நரம்பைச் சோதிக்கிற மெசின் ஒன்று இருக்கிறது. வெளிநாட்டில் அந்த மாதிரி மெசினைத் தலையில் வைத்து மனச்சோர்வுக்கு வைத்தியம் செய்து பார்க்கிறார்களாம். அவரும் இரண்டொருவருக்குச் செய்து பார்த்திருக்கிறார். போய்ப் பாருங்கள் என்றார்.

நான் வெளியில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. நான் யார் வாசலிலும் போய் நின்றவள் இல்லை. என் வீட்டு அடுப்பு எரிகிறதா அணைந்ததா என்று பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் குடும்பம் நடத்தியவள். மகள் தலையில் மெசின் வைக்கிறார்கள் என்று சொன்னால் அவளுக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

அந்த நரம்பு டாக்டர் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பா காலத்திலேயே இங்கே வந்தவர்கள். நரைத்த மீசை, மெதுவான பேச்சு. தலைக்குள்ளே இரும்பு, கம்பி ஏதும் இருக்கிறதா என்று எடுத்ததும் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது.

"எம் மவ தலைக்குள்ள எப்படி டாக்டர் இரும்பு வரும்?"

"கோவிக்க வேண்டாம் அம்மா. எல்லாரிட்டையும் கேட்கிறதுதான். ஆபரேசன் செய்த ஆக்களுக்கு இருக்கும். பிள்ளைக்கு வலிப்பு வந்ததுண்டா? குடும்பத்தில் யாருக்கும்?"

இல்லை என்றேன். அவர் மெசினைக் காட்டினார். சின்ன ஐஸ் பெட்டி உயரத்தில் சக்கரம் வைத்த பெட்டி. அதிலிருந்து என் கைத் தடிமனுக்கு ஒரு வயர். வயர் முனையில் இரண்டு அப்பளத்தை ஒட்ட வைத்தாற்போல இரண்டு வட்டம், பிடிப்பதற்கு ஒரு கைப்பிடி. அவ்வளவுதான். உள்ளே காந்தம் விட்டு விட்டு அடிக்கும்போது மூளையில் கொஞ்சமாக மின்சாரம் உண்டாகும் என்றார். இந்த நோயில் மூளையின் ஒரு பக்கம் தூங்கி வழிகிறது, அதைத் தட்டி எழுப்பிப் பார்ப்பதுதான் இந்த வைத்தியம் என்றார்.

"சரியாயிடுமா?" என்றேன்.

"சொல்லேலாது அம்மா. சிலருக்குச் சுகம் வருகுது. சிலருக்கு ஒன்றுமில்லை. இது இன்னும் முழுசாத் தெரிஞ்ச வைத்தியம் இல்லை. அதனாலே இதுக்கு நான் காசு வாங்க மாட்டன்."

சரியாகிவிடும் என்று அடித்துச் சொன்ன ஆட்களையே அதுவரைக்கும் பார்த்திருந்தேன். தெரியாது என்று சொன்ன முதல் ஆள் அவர். அதனாலேயே எனக்கு அவர்மேல் ஒரு பிடிப்பு வந்தது.

மகளை நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தாள். மிஸி அந்தக் காந்தத்தைத் தூக்கியதும் எழுந்துவிட்டாள். கதவுப் பக்கம் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். டாக்டர் தன் தலையிலேயே வைத்துக் காட்டுவதாகச் சொன்னார். அவள் அசையவில்லை. நான் போய்த் தோளைத் தொட்டேன். சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்:

"அவரு டாக்டரு. அவருக்குப் பழக்கம். ஒனக்கு மொதல்ல வைக்கச் சொல்லு."

பல மாதமாக என்னிடம் 'ம்', 'வேணாம்' இரண்டும்தான். இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் கேட்டதும் நான் டாக்டரைத் திரும்பிப் பார்த்தேன்.

"எனக்கு வைங்க டாக்டர்."

அவர் யோசித்தார். என்னிடமும் வலிப்பு, இரும்பு எல்லாம் கேட்டார். "ஓம். காந்தம் எந்த இடத்தில் பிடிக்குதென்று பார்க்கிற பெருவிரல் சோதனை மட்டும் செய்து காட்டலாம். அதுக்கு மேலே உங்களுக்குத் தேவையில்லை. உங்களுக்கு மனச்சோர்வு இல்லைத்தானே?"

"எனக்கு அதுக்கெல்லாம் நேரம் ஏது."

மிஸி சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. "நேரம் பார்த்து வாறதில்லை அம்மா," என்றார். பிறகு அவர், கழுத்தில் கிடப்பது இருக்கட்டும், தலையிலும் முகத்திலும் உலோகம் ஒன்றும் இருக்கக் கூடாது என்றார். கொண்டை ஊசி, தோடு, மூக்குத்தி.

ஊசியையும் தோட்டையும் எடுத்துவிட்டேன். மூக்குத்தி வரவில்லை. நான் பெரியவளான வருசம் தோட்டத்துக்கு வந்த ஒரு பத்தர் போட்டுவிட்டது. அன்றைக்குத் திருகினதுதான். அழுக்கும் வேர்வையும் ரப்பர் பாலும் இறங்கித் திருகு உள்ளேயே பிடித்துக்கொண்டது. மிஸி எண்ணெய் விட்டுப் பார்த்தாள். மூக்கு சிவந்ததுதான் மிச்சம். நாளைக்குக் கழற்றிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்ததும் விசயத்தைச் சொன்னேன். கட்டினவன் உயிரோடு இருக்கும்போது மூக்கைக் காலியாக வைத்திருக்கிற வழக்கம் எங்கள் சனத்தில் இல்லை. அவர் என்ன சொல்வாரோ என்று எனக்கு இருந்தது. அவர் வாசலுக்குப் போய் லோரியிலிருந்து சின்னக் குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார்.

"ஒக்காரு."

"இது என்ன லோரி போல்ட்டா?"

"லோரி போல்ட்டுன்னா சுத்தியல்ல நாலு தட்டு தட்டிக் கழட்டிருவேன். இது ஒம் மூக்கு. ஆடாம இரு."

என்னை வாசல் படியில், வெளிச்சத்துக்கு முகம் காட்டி உட்கார வைத்தார். தேங்காய் எண்ணெய் விட்டார். மூக்குக்குள் ஒரு விரலைக் கொடுத்துத் திருகை அமுக்கிக்கொண்டு வெளியே குறடால் பிடித்துத் திருகினார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. "அழுவாத, கை வழுக்குது," என்றார். "நான் அழுவல, அதுவா வருது," என்றேன். உள்ளே எங்கோ கரகரவென்று ஒரு சத்தம் கேட்டது. திருகு சுற்றிக்கொண்டு வந்துவிட்டது. மரை தேய்ந்து, கல் ஒன்று விழுந்து, பார்க்க ஒன்றுமில்லாத பொருளாக அவர் உள்ளங்கையில் கிடந்தது. அதை வேட்டி முனையில் முடிந்துகொண்டு என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வேற யாரோ மாதிரி இருக்க," என்றார்.

நிமிர்ந்தால், மகள் கதவு நிலையில் சாய்ந்து நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது.

மறுநாள் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். காதில் பஞ்சு மாதிரி ஒன்றை அடைத்தார்கள். டாக்டர் காந்தத்தை என் தலையின் இடது பக்கம் வைத்து, கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே நகர்த்தினார். டக் என்று ஒரு சத்தம். யாரோ விரலால் சுண்டின மாதிரி இருந்தது. மறுபடியும் டக். அந்த டக்குக்கு என் வலது கைக் கட்டைவிரல் துள்ளியது.

நான் துள்ள வைக்கவில்லை. இத்தனை வருசம் வெட்டுக்கத்தி பிடித்த கை, யார் சொன்னாலும் கேட்காத கை. அது மடியில் கிடந்தபடி தானாகத் துள்ளுகிறது. இன்னொரு கையால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டேன். பிடிக்குள்ளும் துள்ளியது. சாமி வந்தவர்கள் ஆடுவதைப் பார்த்திருக்கிறேன், அவர்களும் கொஞ்சம் சேர்த்துத்தான் ஆடுவார்கள் என்று மனசுக்குள் நினைத்ததும் உண்டு. இது அப்படி இல்லை. என் கைக்கும் எனக்கும் நடுவில் வேறு யாரோ உட்கார்ந்து உத்தரவு போடுகிற மாதிரி இருந்தது. என் மகள் தினம் தினம் எழுந்திருக்க நினைத்து எழ முடியாமல் உட்கார்ந்திருந்தது இப்படித்தானோ என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. நாம் நினைப்பதும் உடம்பு செய்வதும் ஒன்றில்லை என்பது எனக்கு அதுவரைக்கும் தெரியாது.

மகள் கிட்டே வந்திருந்தாள். என் கட்டைவிரலையே பார்த்தாள்.

"இன்னொரு தடவ வைங்க டாக்டர்," என்றாள்.

டக். துள்ளியது.

"நீ ஆட்டுறியாம்மா?"

"நான் எங்கடி ஆட்டுறேன். அது என் பேச்சக் கேக்க மாட்டேங்குது."

அவள் உதட்டு ஓரம் ஒரு பக்கம் ஏறி இறங்கியது. சிரிப்பு என்று சொல்ல மாட்டேன். சிரிப்பு இருந்த இடம் எனக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். நான் எழுந்தேன், அவள் உட்கார்ந்தாள். தோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். பிறகு யாரும் கேட்காமலே கழுத்திலிருந்த தாயத்தையும் அவிழ்த்து, "இதையும் வச்சுக்க," என்றாள்.

அன்றிலிருந்து வார நாளெல்லாம் பஸ் ஏறிப் போய் வந்தோம். அவளுக்கும் முதலில் விரல் துள்ளுகிற இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அதிலிருந்து முன்பக்கமாக நகர்த்தி, இடது நெற்றிக்கு மேலே வைப்பார்கள். அந்த இடத்தில் வைத்தால் விரல் துள்ளாது. டக்டக்டக்கென்று கொஞ்ச நேரம் அடிக்கும், அப்புறம் ஓய்வு, மறுபடியும் அடிக்கும். சில நாள் தலை வலிக்கிறது என்பாள். முதலில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. போகும்போது ஜன்னல் ஓரம் தலையைச் சாய்த்திருப்பாள், வரும்போதும் அப்படியே சாய்த்திருப்பாள்.

ஒரு நாள் பஸ்ஸில், முன் சீட்டில் அழுத பிள்ளைக்கு அவளாகவே நாக்கை நீட்டிக் காட்டினாள். நான் அதைப் பார்க்காத மாதிரி வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். பார்த்தேன் என்று தெரிந்தால் நிறுத்திவிடுவாளோ என்று பயம்.

அவள் வெறுங்காதோடு வருகிறாள், பக்கத்தில் நான் மட்டும் எதற்கு மினுக்கிக்கொண்டு உட்காருவது? புது மூக்குத்தி வாங்கித் தருகிறேன் என்று வீட்டுக்காரர் சொன்னதற்கு, வைத்தியம் முடியட்டும் என்றுவிட்டேன். துளை தூர்ந்து போகாமல் ஒரு ஈர்க்குச்சியை ஒடித்துச் செருகிக்கொண்டேன். பசார் மாலாம் இரவுச் சந்தையில் கீரை வாங்கும்போது ஒருத்தி, "என்னாக்கா, மூக்குத்தி அடகுக் கடைக்கு நடந்து போயிருச்சா?" என்று நாலு பேர் கேட்கச் சொன்னாள். என் வாழ்நாளில் அடகுக் கடைப் படி மிதித்ததில்லை. அதை அவளுக்குச் சொல்ல வாய் துடித்தது. சொன்னால் அடுத்த கேள்வி வரும். கீரையை வாங்கிக்கொண்டு நடந்துவிட்டேன். உண்மையைச் சொல்லாமல் தலை நிமிர்ந்து நடப்பது எவ்வளவு கனம் என்று அன்றைக்குத் தெரிந்தது.

பிறகு ஒரு சனிக்கிழமை என் நாத்தனார் வந்தாள். வைத்தியம் இல்லாத நாள். பை நிறைய முருங்கைக்காயும் ஒரு பலாப்பழமும் தூக்கிக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க வந்தவள், பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பார்த்தபடியே நின்றாள்.

"அண்ணி, மூக்கு என்னாச்சு?"

"கழட்டி வச்சிருக்கேன்."

"ஏன்?"

"சும்மாதான்."

"சும்மா கழட்டுறதா அது? எங்கண்ணன் லோரி ஓட்டுற மனுசன். தெனம் ரோட்டுல கெடக்கிறவரு. வீட்டுல நீங்க இப்படி மூளி மூஞ்சியா ஒக்காந்திருந்தா என்னா அர்த்தம்?"

"ஒங்கண்ணன் நல்லாத்தாம்மா இருக்காரு. காலையில ரெண்டு தட்டு மீகூன் தின்னுட்டுத்தான் போனாரு."

"வெளையாடாதீங்கண்ணி." அவள் பார்வை உள்ளறைக்குப் போனது. மகள் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அவ கழுத்துல தாயத்த காணோம். யாரு அவுத்தா? பூசாரிய கேட்டீங்களா? ஆத்தாளும் மகளுமா என்னாதான் பண்றீங்க?"

நான் கோப்பி கலக்கப் போனேன். உண்மையைச் சொன்னால் அவள் செலண்டார் பஸ்ஸில் ஏறுவதற்கு முன்னால் விசயம் செலண்டாருக்குப் போய்விடும். அவள் மகன் சம்பந்தம் முறிவதோடு மட்டும் நிற்காது, நாளைக்கு எந்த வீட்டிலிருந்து பெண் பார்க்க வந்தாலும் இந்தப் பேச்சு முன்னால் போய் நிற்கும். பொய் சொல்ல எனக்கு வராது. சும்மா இருந்தேன். சும்மா இருப்பதை அவள் திமிர் என்று எடுத்துக்கொண்டாள்.

"ஒங்களுக்கு என்னா தெரியும்," என்றாள். குரல் உடைந்துவிட்டது. "நான் வேணும்னா கழட்டுனேன்? எனக்குக் கழட்டி விட்டாங்க. நாலு பேரு புடிச்சுக்கிட்டுக் கழட்டுனாங்க. ஒங்களுக்குப் புருசன் இருந்தும் கழட்டி வைக்கிறீங்க."

அவள் புருசன் மோட்டார் சைக்கிளில் போய் ரோட்டில் விழுந்து செத்தவர். அப்போது அவள் மகன் கைப்பிள்ளை. இத்தனை வருசத்தில் அவள் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. அவளுக்கு வந்திருந்தது கோபம் இல்லை, பயம். தன் அண்ணனுக்கும் அப்படி ஆகிவிடுமோ என்கிற பயம். கோப்பிக் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு, சொல்லவும் முடியாமல் சொல்லாமல் இருக்கவும் முடியாமல் நின்றேன்.

மகள் மடித்துக்கொண்டிருந்த சட்டையோடு வெளியே வந்தாள். அத்தை பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அத்தை, அழுவாதீங்க. அப்பாதான் கழட்டுனாரு."

"என்னாடி சொல்ற?"

"அப்பாதான். லோரி கொறடு வச்சு. அம்மா வாசப்படியில ஒக்காந்து வண்டி மாடு லாடம் அடிக்கிறப்ப பாக்குற மாதிரி பாத்துக்கிட்டு இருந்திச்சு. அப்பா ஒரு வெரல மூக்குக்குள்ள வுட்டுக்கிட்டு, ஆடாத, ஆடாதங்குறாரு. அம்மாவுக்குக் கண்ணுல தண்ணி. அழுவாத கை வழுக்குதுங்குறாரு. அம்மா அந்த நேரத்துலயும், நான் அழுவலங்குது."

அப்பா குரலில் ஒன்று, என் குரலில் ஒன்று. நடித்துக் காட்டினாள். என் நாத்தனார் அழுகைக்கு நடுவிலேயே புடவை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"எனக்காகத்தான் கழட்டுச்சு," என்றாள் மகள். இப்போது நடிப்பு இல்லை. "எனக்கு மனச்சோர்வு நோவு அத்தை. மண்டையில காந்தம் வைக்கிறாங்க. தாயத்த நான்தான் அவுத்தேன்."

"மண்டையிலயா? கிறுக்குக்கா வைக்கிறாங்க?"

"கிறுக்கு இல்ல. காலையில எந்திரிக்கணும்னு தெரியும். பஸ்ஸு ஆரன் அடிக்கிறது கேக்கும். எந்திரிக்க வராது. சப்பாத்து ஒரு கல்லு மாதிரி இருக்கும். சோறு மண்ணு மாதிரி இருக்கும். அம்மா ஏசுறது தூரத்துல யாரையோ ஏசுற மாதிரி இருக்கும்." சட்டையின் கைப் பக்கத்தைத் தடவித் தடவி மடித்தாள். "செத்துப் போயிரலாம்னு இருந்துச்சு அத்தை. ரொம்ப நாளு இருந்துச்சு. அம்மாகிட்ட சொன்னா அது தாங்காதுன்னு சொல்லல."

நான் கோப்பியை மேசையில் வைத்தேன். கொஞ்சம் சிந்தியது. துடைக்கவில்லை. நானும் என் வீட்டுக்காரரும் வாயைத் திறந்து பேசிக்கொள்ளாத அந்த வார்த்தையை, அவள் முருங்கைக்காய்ப் பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்துக்குள்ளேயே, சொல்லிவிட்டாளே, சொல்கிற அளவுக்கு வந்துவிட்டாளே என்றும் இருந்தது.

நாத்தனார் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப?" என்றாள்.

"இப்ப அவ்ளோ இல்ல. சில நாளு இருக்கு."

"எந்த எடத்துல வைக்கிறாங்க?"

மகள் அத்தையின் கையைப் பிடித்துத் தன் இடது நெற்றிக்கு மேலே, முடி ஆரம்பிக்கிற இடத்தில் வைத்தாள்.

"நோவுமா?"

"மரங்கொத்தி கொத்துற மாதிரி இருக்கும்."

நாத்தனார் கையை எடுக்கவில்லை. ரொம்ப நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு, "கல்யாணம் பேசலாம்னு வந்தேன்," என்றாள்.

"இப்ப வேணாம் அத்தை."

"வேணாம்னா வேணாம்லா. நான் என்ன கட்டியா இழுத்துட்டுப் போப்போறேன்." ஆறிப்போன கோப்பியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, பலாப்பழத்தை அறுக்கக் கத்தி கேட்டாள். சாயங்காலம் பஸ் ஏறும்போது என்னிடம், "எங்கிட்ட சொல்லியிருக்கலாம் அண்ணி," என்றாள். நான் பஸ் போகும்வரைக்கும் அங்கேயே நின்றேன். அதற்கு முன்னால் நான் அவளை வழியனுப்ப வாசலைத் தாண்டியதில்லை.

அவள் செலண்டாரில் சொன்னாள். சொல்லாமல் இருப்பாளா. சிலர் எங்கள் வீட்டு விசேசத்துக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். நான் கவலைப்படவில்லை என்று சொன்னால் அது பொய். பெண் பார்க்க வர இருந்த ஒரு குடும்பம் ஆளையே அனுப்பவில்லை. ஆனால் தோட்டத்தில் எனக்கு அடுத்த நிரையில் மரம் வெட்டிய ஒருத்தி, மகனைக் கூட்டிக்கொண்டு தேடி வந்தாள். பையன் படிப்பை விட்டுவிட்டு அறையை விட்டு வெளியே வராமல் இருந்தவன். வாசலில் நின்றுகொண்டு, உள்ளே வரக் கூச்சப்பட்டு, "அந்த டாக்டரு எங்க இருக்காருக்கா?" என்று கேட்டாள். அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். மகளே பேசினாள். நான் சோறு போட்டேன்.

வைத்தியம் சில வாரத்தில் முடிந்தது. டாக்டர் அப்போதும் பெரிய வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைக்குச் சுகம் வந்திருக்கு, மாத்திரையை நிறுத்த வேண்டாம், இது திரும்ப வரவும் கூடும், வந்தால் உடனே கூட்டிக்கொண்டு வாங்கோ என்றார். காந்தத்தால் வந்ததா, மாத்திரையால் வந்ததா, இரண்டும் சேர்ந்தா என்று கேட்டேன். தெரியாது என்றார். அவள் பழைய பேக்டரிக்குப் போகவில்லை. டவுனில் ஒரு துணிக்கடையில் சேர்ந்தாள். சேலை விரித்துக் காட்டி, வருகிறவர்களிடம் வாயாடுகிற வேலை. சம்பளம் குறைவு. நான் ஒன்றும் சொல்லவில்லை.

டாக்டர் சொன்ன மாதிரி அது திரும்ப வரத்தான் செய்தது. மறு வருசம் மழைக் காலம். நான் அடுப்படியில் சாம்பாருக்குப் பருப்பு வேக வைத்துக்கொண்டிருந்தேன். கடைக்குக் கிளம்ப வேண்டிய நேரம். அவள் தலை வாராமல் வந்து அடுப்படி வாசலில் நின்றாள்.

"அம்மா," என்றாள். "அது மறுபடியும் வருதும்மா. ரெண்டு மூணு நாளாத் தெரியுது."

முதல் தடவை அது வந்தபோது எங்களுக்கு மாதக் கணக்கில் தெரியவில்லை. இந்தத் தடவை அவளே வந்து, வருவதை வாசலில் பார்த்த மாதிரி, சொன்னாள். கரண்டியைக் கீழே வைத்தேன்.

"சரி," என்றேன். "மொகத்தக் கழுவு. முடியலன்னா நான் கழுவி வுடுறேன்."

"முடியும்," என்றாள்.

அடுப்பை அணைத்தேன். பருப்பு பாதி வேக்காட்டில் கிடந்தது. சேலையை மாற்றிக்கொண்டு வருவதற்குள் அவள் சிலிப்பரை மாட்டிக்கொண்டு வாசலில் குடையோடு நின்றிருந்தாள். இரண்டு பேரும் ஒரே குடையில் பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தோம். அங்கே நின்றிருந்த பக்கத்து வீட்டுக்காரி, எங்கே இந்த மழையில் என்று கேட்டாள்.

"ஆஸ்பத்திரிக்கு," என்றேன். "எம் மவளுக்கு மனச்சோர்வு. டாக்டரப் பாக்கப் போறோம்."